குனிந்த தலைகள்: நடுநிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு டிரிப்ளிங் கற்றுக்கொடுத்த 14 வாரங்கள்

ஜூலை கடைசியில் நடந்த குறுவட்டக் கூடைப்பந்துப் போட்டியில், 14 வயதுக்குட்பட்டோர் பிரிவில், எங்கள் பையன்கள் முதல் ஆட்டத்திலேயே தோற்று வெளியே வந்தார்கள். தோற்றதைவிட என்னை அதிகம் உறுத்தியது, பாதி நேரம் பந்து எங்கள் பக்கத்தைத் தாண்டவே இல்லை என்பது. கூடைக்கு எறிய அவர்களுக்குத் தெரியும். டிரிப்ளிங் செய்து, அதாவது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே, அதை எறிகிற இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் முடியவில்லை.

ஒரு பையனின் அப்பா ஆட்டம் முழுவதையும் செல்போனில் பிடித்து வைத்திருந்தார். அன்று ராத்திரி அதைப் போட்டுப் பார்த்து, பந்து எங்களிடமிருந்து பறிபோன ஒவ்வொரு முறைக்கும் நோட்டில் ஒரு கோடு போட்டேன். மொத்தம் 31 கோடுகள்.

அதில் 17 முறை, பந்தை வைத்திருந்த பையனின் தலை குனிந்திருந்தது. பந்தைப் பார்த்தபடியே தட்டிக்கொண்டு போகிறான். எதிரணிப் பையன் பக்கவாட்டில் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். எடுத்தது யார் என்பதே இவனுக்கு அப்புறம்தான் தெரிகிறது. 8 முறை நடந்தது வேறு. பாஸ் கைக்கு வந்த நொடியே, எங்கே போகிறோம் என்ற யோசனை இல்லாமல் ஒரு தட்டுத் தட்டி, உடனே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நகர வழியில்லாமல் மாட்டிக்கொண்டார்கள். மீதி 6 முறை நடுவர் விசில் ஊதினார்: டிரிப்ளிங்கை நிறுத்திப் பந்தைப் பிடித்த பிறகு மறுபடி தொடங்கிய டபுள் டிரிப்ளிங், பந்தைத் தட்டாமல் கையில் வைத்தபடி அடி எடுத்து வைத்த டிராவலிங், ஒரு முறை பந்துக்கு அடியில் கை போன கேரியிங்.

இதே பையன்கள் என் பயிற்சியில் கோன்களுக்கு நடுவே வளைந்து வளைந்து அழகாகப் பந்தைக் கொண்டுபோகிறவர்கள். அப்படியானால் நான் கற்றுக்கொடுத்த ஏதோ ஒன்றுதான் ஆட்டத்துக்குள் போகவில்லை. அது எது என்று தேடிய 14 வாரங்களின் பதிவு இது. 6, 7, 8 வகுப்புகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிற உடற்கல்வி ஆசிரியர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

பிள்ளைகள், பந்துகள், நேரம்

குழுவில் 26 பேர். அதில் 11 பேர் பெண்கள். 11 முதல் 13 வயது. வாரத்தில் மூன்று நாள், பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம். சிமென்ட் கோர்ட், அதில் ஒரு மூலையில் மழைத்தண்ணீர் நிற்கும். ஸ்டோர் ரூமில் 9 பந்துகள், எல்லாமே 7-ஆம் எண். இரண்டில் காற்று நிற்காது.

முதலில் என் பழைய பயிற்சியையே கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு வரிசை, வரிசைக்கு 13 பேர். கோன்களைச் சுற்றிப் போய்த் திரும்ப ஒருவருக்குச் சுமார் 15 நொடி. 20 நிமிடத்தில் ஒரு பிள்ளைக்கு ஆறு முறை வாய்ப்பு வரும். அதாவது 20 நிமிடப் பயிற்சியில் ஒரு பிள்ளையின் கையில் பந்து இருப்பது ஒன்றரை நிமிடம். மீதி நேரமெல்லாம் வரிசையில் நின்று முன்னால் நிற்பவனின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். இதை நான் வருடக்கணக்காகப் பயிற்சி என்று சொல்லிவந்திருக்கிறேன்.

அடுத்தது பந்தின் அளவு. 7-ஆம் எண் பந்து வளர்ந்த ஆண்களுக்கானது. சுற்றளவு 75 செ.மீ.க்கு மேல், எடை ஏறக்குறைய 600 கிராம். சர்வதேசப் பெண்கள் ஆட்டத்திலேயே 6-ஆம் எண்தான் பயன்படுகிறது. மினி கூடைப்பந்து விளையாடும் சின்னப் பிள்ளைகளுக்கு 5-ஆம் எண், அது 500 கிராமுக்கும் குறைவு. ஆறாம் வகுப்புப் பிள்ளையின் விரல்கள் 7-ஆம் எண் பந்தின் மேல் சரியாக விரிந்து உட்காரவே உட்காராது. உள்ளங்கையால் அறைவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. தலைமையாசிரியரிடம் பேசி 5-ஆம் எண்ணில் ஆறு ரப்பர் பந்துகளும், பழைய மாணவர்கள் இருவர் உதவியால் 6-ஆம் எண்ணில் இன்னும் சிலவும் வந்தன. இரண்டு பேருக்கு ஒரு பந்து என்ற நிலை வந்ததும் வரிசையை முழுவதுமாக ஒழித்தேன். ஒருவர் 40 நொடி பந்தோடு, மற்றவர் எதிரே நின்று ஒரு வேலை செய்வார். விசில் அடித்ததும் மாறுவார்கள். சும்மா நிற்க யாருக்கும் நேரமில்லை.

காற்றையும் கவனிக்க வேண்டும். தலை உயரத்திலிருந்து விட்டால் பந்து இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வரை எழும்ப வேண்டும். எங்களிடம் இருந்த பாதிப் பந்துகள் முழங்காலுக்கு மேல் வரவில்லை. எழும்பாத பந்தைப் பிள்ளை குனிந்துதான் தட்டும்.

'தட்டு' என்ற சொல்

இதை நான் கவனிக்க இரண்டு வாரம் ஆனது. 'பந்தைத் தட்டுடா' என்றுதான் நாம் எல்லோரும் சொல்கிறோம். பிள்ளை அந்தச் சொல்லைக் கேட்டு அதை அப்படியே செய்கிறது. கதவைத் தட்டுவது போல, முதுகில் தட்டுவது போல, விறைத்த கையால் ஒரு அடி. பந்து எழும்பி வருகிறது, கை மேலே காத்திருக்கிறது, வந்ததும் அறைகிறது. கையும் பந்தும் சேர்ந்திருக்கும் நேரம் கண் இமைப்பதைவிடக் குறைவு. அவ்வளவு குறைந்த நேரத்தில் பந்தை எந்தப் பக்கமும் திருப்ப முடியாது. எங்கே போகிறதோ என்ற பயத்தில் கண் பந்தை விடாது.

சரியாகச் செய்கிறவரின் கை வேறு மாதிரி இருக்கும். பந்து மேலே வரும்போது விரல்கள் விரிந்து அதைப் பாதி வழியிலேயே எதிர்கொள்ளும். அதோடு கூடவே கொஞ்சம் மேலே வரும். அப்புறம் முன்கையும் மணிக்கட்டும் சேர்ந்து அதைக் கீழே அழுத்தி அனுப்பும். விரல்களின் சதைப் பகுதிதான் பந்தைத் தொடும், உள்ளங்கை படாது.

இதையெல்லாம் விளக்கினால் 12 வயதுப் பிள்ளை காது கொடுக்காது. நான் சொன்னது ஒன்றே ஒன்று: "சத்தம் தரையில்தான் கேட்கணும், கையில கேட்கக் கூடாது." எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்கள். ஒருவர் மட்டும் டிரிப்ளிங் செய்வார். 'பட் பட்' என்று கைச்சத்தம் கேட்டால் மற்றவர்கள் கையைத் தூக்குவார்கள். பத்தே நிமிடத்தில் பாதிப் பேருக்குக் கை மென்மையாகிவிட்டது. நான் ஒரு வார்த்தை திருத்தவில்லை, அவர்கள் காதுதான் திருத்தியது. அன்றிலிருந்து பயிற்சியில் 'தட்டு' என்று சொல்வதை விட்டுவிட்டு 'அழுத்து' என்று சொல்கிறேன். பழக்கத்தில் இன்னும் சில நேரம் வாய் தவறுகிறது. இந்தக் கட்டுரையிலேயே தவறியிருக்கிறது.

கண்ணை மேலே கொண்டுவருவது

தலையை நிமிர்த்த நான் முதலில் எடுத்தது எல்லோருக்கும் தெரிந்த வழி. ஆசிரியர் விரல்களைக் காட்டுவார், பிள்ளைகள் பந்தை நிறுத்தாமல் எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஏமாற்றும். கவனித்துப் பார்த்தபோது மூன்று பேர்தான் உண்மையில் பார்த்தார்கள், மற்றவர்கள் அந்த மூவரின் குரலைக் கேட்டுச் சொன்னார்கள். பார்த்தவர்களும் ஒரு நொடி நிமிர்ந்து, சொல்லிவிட்டு, மறுபடி குனிந்துகொண்டார்கள்.

அதனால் விரல் காட்டும் வேலையை எதிரே நிற்கும் ஜோடியிடம் கொடுத்தேன். வாயால் சொல்லக் கூடாது. ஜோடி இடது கையைத் தூக்கினால் அந்தப் பக்கம் இரண்டு அடி நகர வேண்டும், இரண்டு கையும் தூக்கினால் பின்னால் போக வேண்டும், உட்கார்ந்தால் பந்து முழங்கால் உயரத்துக்கு இறங்க வேண்டும். பார்க்காமல் இதைச் செய்ய முடியாது, அடுத்தவரைக் காப்பியடிக்கவும் முடியாது.

இந்த இடத்தில்தான் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி எல்லோரையும் தாண்டிப் போனாள். கூடைப்பந்தை அவள் தொட்டே ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. வலது கையால் பந்தை அழுத்திக்கொண்டே இடது கையால் டென்னிஸ் பந்தை மேலே போட்டுப் பிடிக்கும் பயிற்சியை முதல் நாளே செய்துவிட்டாள். எப்படிம்மா என்று கேட்டேன். "சொட்டாங்கல்லு மாதிரிதானே சார், கல்லை மேல போட்டுட்டு கீழ இருக்கிறதைப் பாக்காமலே அள்ளுவோம்" என்றாள்.

எனக்குச் சட்டென்று விளங்கியது. மேலே போகும் கல்லில் கண், தரையில் இருக்கும் கற்களில் கை. கண் ஒரு இடத்திலும் கை இன்னொரு இடத்திலும் வேலை செய்ய அவள் திண்ணையில் உட்கார்ந்து வருடக்கணக்காகப் பழகியிருக்கிறாள். மறுவாரம் பையன்கள் எல்லோரும் மழை நாளில் வராந்தாவில் உட்கார்ந்து சொட்டாங்கல் ஆடினார்கள். சொல்லிக்கொடுத்தது பெண்கள். முதலில் பையன்களுக்குக் கூச்சம், பிறகு தோற்பதில் கோபம், அப்புறம் விடாமல் ஆட்டம்.

பெண்பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஏழாம் வகுப்பு முடிவதற்குள் பலர் மைதானத்துக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். வீட்டில் நிறுத்துகிறார்கள். இந்த மாணவியின் அம்மாவும் தயங்கினார். சென்னையில் வளர்ந்து இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கி, 2021-இல் பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரையைப் பற்றிச் சொன்னேன். அதைவிட, பயிற்சி முடிந்து வீட்டுக்கு யாருடன் வருவாள் என்பதற்கு நான் உறுதி கொடுத்தபோதுதான் அந்த அம்மா சரி என்றார்.

இடது கை

வலது கையில் மட்டும் ஆடுகிறவனை மடக்க எதிரணிக்கு ஒரு நிமிடம் போதும். அவன் வலது பக்கத்தை மறித்தால் ஆட்டம் முடிந்தது. ஆனால் நம் பிள்ளைகளுக்கு இடது கை வெறும் பழக்கமில்லாத கை மட்டும் இல்லை. அதற்குப் 'பீச்சாங்கை' என்று பெயர். அதால் கொடுக்காதே, வாங்காதே, சாப்பிடாதே என்று கேட்டு வளர்ந்தவர்கள். இடது கையில் பந்தைக் கொடுத்தால் முதலில் சிரிப்பு வரும், அப்புறம் அந்தக் கை தன்னுடையதே இல்லை என்பது போல வைத்துக்கொள்வார்கள்.

குழுவில் ஒரு பையன் பிறவி இடதுகைக்காரன். சிறுவயதில் வீட்டில் மாற்றி வலது கையால் எழுத வைத்திருக்கிறார்கள். அவனை ஒரு வாரம் இடதுகைப் பயிற்சிக்குத் தலைவனாக நிறுத்தினேன். அவன் முன்னால் நின்று செய்வான், மற்ற 25 பேரும் பார்த்துச் செய்வார்கள். பேசவே கூச்சப்படுகிற பையன் அந்த வாரம் "விரலை விரிடா, தோளை இறக்குடா" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். சிரிப்பு நின்றுவிட்டது.

கல்லா மண்ணா

ஆறாவது வாரத்தில் 3 பேருக்கு 3 பேர் ஆட வைத்தேன். ஜோடிப் பயிற்சியில் நிமிர்ந்திருந்த தலைகள் எதிராளி நெருங்கியதும் மறுபடி குனிந்துவிட்டன. ஐந்து வார உழைப்பு ஒரு நிமிடத்தில் காணாமல் போனது போல இருந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தபோது காரணம் தெரிந்தது. ஜோடி கை தூக்குவது ஒரு கட்டளை. அதற்குக் கீழ்ப்படிந்தால் போதும். ஆட்டத்தில் யாரும் கை தூக்கிக் காட்டுவதில்லை. ஒருவன் பந்தைப் பறிக்க வருகிறான், எந்தப் பக்கம் இடம் இருக்கிறது என்று பிள்ளையே முடிவெடுக்க வேண்டும். பந்தைப் பறிக்க ஆள் இல்லாத இடத்தில் அந்த முடிவெடுப்பைப் பழக முடியாது.

அப்போதுதான் கல்லா மண்ணா நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் ஆடும் முறை இது: பிடிப்பவர் 'கல்' கேட்டால் கல் அவருடைய இடம். மற்றவர்கள் மண்ணில் நின்று, கல்லில் ஏறிச் சீண்டிவிட்டு, பிடிபடாமல் இறங்கி ஓட வேண்டும். கூடைக்குக் கீழே கோடு போட்ட பகுதி 4.9 மீட்டர் அகலம், 5.8 மீட்டர் நீளம். அதைக் கல் என்று வைத்தேன். உள்ளே பந்தில்லாமல் இரண்டு பேர் காவல். வெளியே ஒன்பது, பத்துப் பேர் ஆளுக்கொரு பந்தோடு. உள்ளே புகுந்து மறுபக்கமாகப் பந்தோடு வெளியே வந்தால் ஒரு புள்ளி. பந்து தட்டிவிடப்பட்டால் காவலுக்குப் போக வேண்டும். பந்து கிடைக்காதவர்கள் அடுத்த கூடைக்குக் கீழே இதையே மூன்று பந்தோடு ஆடினார்கள்.

விதியை நான் விளக்கவே தேவைப்படவில்லை. இரண்டாவது நிமிடமே கோர்ட் முழுவதும் கூச்சல். யாருக்கும் பந்தைப் பார்க்க நேரமில்லை, காவல்காரன் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறான் என்று பார்க்கத்தான் நேரம் இருந்தது. அவன் முதுகு காட்டினால் புகு, திரும்பினால் கை மாற்று. கிராஸ்ஓவர் என்ற பெயரையே நான் சொல்லாமல் அன்று ஏழெட்டுப் பேர் அதைச் செய்தார்கள். பந்தைக் காப்பாற்ற மற்றக் கையை முன்னால் மறிப்பாக வைப்பதும் தானாகவே வந்தது. பெயரையும் நுணுக்கத்தையும் அடுத்த நாள் சொன்னேன்: பந்தை உடம்புக்கு முன்னால் தாழ்வாக, முழங்காலுக்குக் கீழே மாற்று, மாற்றிய அடுத்த அடியை நீளமாக வை. தேவை என்னவென்று தெரிந்தபின் சொன்னதால் உடனே பிடித்துக்கொண்டார்கள்.

இதற்குப் பிறகு பயிற்சி நேரத்தில் பாதி எதிராளியோடுதான். மூன்று மீட்டர் அகலச் சந்தில் ஒருவருக்கு ஒருவர். முதலில் காவலர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காலால் மட்டும் மறிப்பார், அப்புறம் கையும் வரும். கடைசியில், சொந்தப் பாதியிலிருந்து 8 நொடிக்குள் பந்தை நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டும் என்ற ஆட்ட விதியையே பந்தயமாக வைத்து, இருவருக்கு எதிராக இருவர்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் கலந்து கொடுத்தேன். பத்து நிமிடம் கிராஸ்ஓவர், பத்து நிமிடம் பின்வாங்குதல் என்று தனித்தனியாகப் பிரிக்கவில்லை. பார்ப்பவருக்கு இது ஒழுங்கற்றதாகத் தெரியும். ஒரு சக ஆசிரியர் அதைச் சொல்லவும் செய்தார். 1979-இல் ஷியா, மார்கன் என்ற இரு ஆய்வாளர்கள் செய்த சோதனை எனக்குத் தைரியம் கொடுத்தது. கை அசைவுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தனித்தனியே பழகியவர்கள் பழகும்போது நன்றாகச் செய்தார்கள். கலந்து பழகியவர்கள் பழகும்போது தடுமாறினார்கள், ஆனால் பத்து நாள் கழித்துச் சோதித்தபோது அவர்கள்தான் மேல். என் கோன் வரிசை அழகாக இருந்ததற்கும் ஆட்டத்தில் உதவாததற்கும் இதில் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். இருந்தாலும் முதல் மூன்று வாரம், கை பந்தோடு பழகும்வரை, ஒவ்வொன்றாகத்தான் கொடுக்க வேண்டும். கலப்பதை முதல் நாளே தொடங்கினால் சின்னப் பிள்ளைகள் மிரண்டுவிடுவார்கள்.

தேவையில்லாத அந்த முதல் தட்டு

31 கோடுகளில் 8, பாஸ் கிடைத்ததும் காரணமில்லாமல் ஒரு டிரிப்ளிங் செய்து பிடித்துக்கொண்டவை. இதற்கு ஒரு கதை சொன்னேன். 1891-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் இந்த ஆட்டத்துக்கு எழுதிய 13 விதிகளில் டிரிப்ளிங் கிடையாது. பந்தோடு ஓடவே கூடாது, பிடித்த இடத்திலிருந்து பாஸ்தான். சுற்றி மறித்துக்கொண்டபோது தப்பிக்க வழியில்லாத ஆட்டக்காரர்கள் பந்தைத் தரையில் போட்டுவிட்டுத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். டிரிப்ளிங் அப்படித்தான் பிறந்தது. நைஸ்மித் வேலை பார்த்த அதே ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தைச் சேர்ந்த ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரி இன்றும் நந்தனத்தில் இருக்கிறது என்றதும் பிள்ளைகளுக்கு ஆச்சரியம்.

கதைக்குப் பிறகு ஒரு விதி: டிரிப்ளிங் செய்யும்முன் மூன்றில் ஒரு காரணம் இருக்க வேண்டும். முன்னேற, தப்பிக்க, அல்லது பாஸுக்கு நல்ல கோணம் தேட. நான் விசில் அடித்து "எதுக்கு?" என்று கேட்டால் பதில் வர வேண்டும். ஆளுக்கு இரண்டு டிரிப்ளிங்தான் என்று வரம்பு வைத்தும் ஆட வைத்தேன். இந்தப் பழக்கம் எல்லாவற்றையும்விட வேகமாக மாறியது. டிராவலிங்கும் குறைந்தது. ஊன்றிய கால் தரையை விட்டு எழும்முன் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும் என்பதை மெதுவாக நடந்து காட்டிய ஒரே நாள் அதற்குப் போதுமானதாக இருந்தது.

நவம்பரில்

பக்கத்து ஊர்ப் பள்ளியோடு நட்பு ஆட்டம். பையன்கள் 4 புள்ளியில் தோற்றார்கள், பெண்கள் தங்கள் முதல் ஆட்டத்தை ஆடி வென்றார்கள். பையன்களின் ஆட்டத்தை மறுபடி செல்போனில் பார்த்து நோட்டில் கோடு போட்டேன். 19 முறை பந்து போயிருந்தது, தலை குனிந்து போனது 6. எதிரணி வேறு, ஆட்டம் வேறு, அதனால் ஜூலையோடு நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் பந்தோடு வரும் பையன் தூரத்தில் நிற்கும் நண்பனைப் பார்த்துக் கத்துவது அந்த வீடியோவில் பல இடங்களில் தெரிகிறது. ஜூலை வீடியோவில் அது ஒரு இடத்தில்கூட இல்லை.

சரியாகாதவையும் உண்டு. இடது கை பயிற்சியில் வருகிறது, நெருக்கடி வந்தால் ஒளிந்துகொள்கிறது. அந்த 6-இல் நான்கு, இடது பக்கம் தள்ளப்பட்டபோது நடந்தவை. எட்டாம் வகுப்பில் ஒரு பையன் இந்த வருடம் சட்டென்று உயர்ந்துவிட்டான், கை கால் நீண்டு பழைய அளவெல்லாம் மாறிப்போய், ஜூனில் செய்ததை இப்போது செய்ய முடியவில்லை. தனக்கு ஆட்டமே மறந்துவிட்டது என்று அழுதான். உடம்பு வளரும்போது இப்படி ஆவது இயல்பு, சில மாதத்தில் கை அந்த நீளத்துக்குப் பழகிவிடும் என்று அவனிடமும் அவன் அம்மாவிடமும் சொன்னேன். அவனுக்கு இப்போதைக்குத் தாழ்வான டிரிப்ளிங்கும், சுவரோரம் உட்கார்ந்து இரண்டு கையாலும் பந்தைப் பழகுவதும்தான்.

இன்னொன்று, களைப்பு. கடைசிக் கால் பகுதியில் தலைகள் மறுபடி குனிகின்றன. 6-இல் ஐந்து அங்கேதான் நடந்தன. அதனால் கல்லா மண்ணாவை இப்போது பயிற்சியின் தொடக்கத்தில் வைப்பதில்லை. மைதானத்தை மூன்று சுற்று ஓடிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது, கடைசிப் பத்து நிமிடத்தில் வைக்கிறேன். அந்த நேரத்தில் யார் தலை முதலில் குனிகிறது என்பதை எழுத நோட்டில் ஒரு புதுப் பக்கம் திறந்திருக்கிறேன்.